கட்டை பதித்தவள் பெயர் எங்கே?

மொசைக் என்றால் நம் வீடுகளில் தரை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் 'மொசைக் போட்ட வீடு' என்று சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. அந்தத் தரையைக் கூட்டியதும் துடைத்ததும் பெண்கள். அதே மொசைக் தரையிலிருந்து எழுந்து சுவரில் ஏறிக்கொண்டால் அது கலையாகிவிடுகிறது. அதற்கு ஒரு கலைஞர் கிடைத்துவிடுகிறார், ஒரு திறப்பு விழாவும் கிடைத்துவிடுகிறது. கூட்டித் துடைத்தவள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள்.

நான் இங்கே பேச வந்தது லெகோ கட்டைகளால் எழுப்பப்படும் பிரமாண்டமான சுவர் மொசைக்குகளைப் பற்றி. அவற்றைப் பற்றிய செய்திகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எத்தனை லட்சம் கட்டைகள், எத்தனை மீட்டர் நீளம், யார் அந்தக் கலைஞர். இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் செய்தி முடிந்தது. எனக்கு வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. சிறுவயதில் அந்தக் கட்டை யார் கையில் கொடுக்கப்பட்டது? சுவரில் இருப்பது யார் முகம்? பதித்த கைகளுக்குப் பெயர் உண்டா?

கேள்விகளுக்குள் போவதற்கு முன் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். லெகோ கட்டையில் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். ஒற்றைக் குமிழ்க் கட்டை ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டால் ஒரு மீட்டருக்கு 125 கட்டைகள், ஒரு சதுர மீட்டருக்கு 15,625 கட்டைகள். ஒரு புகைப்படத்தை எடுத்து, அதைக் கட்டங்களாக உடைத்து, கைவசம் உள்ள நிறங்களுக்குள் அதன் நிழலையும் ஒளியையும் அடக்கி, ஒவ்வொரு அடித்தட்டுக்கும் ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து எண்ண வேண்டும். வெள்ளை நான்கு, சாம்பல் இரண்டு, கறுப்பு ஏழு, மறுபடி சாம்பல் ஒன்று. ஒரு வரிசையில் ஒரு கட்டை தள்ளிப்போனால் மூக்கு கோணிக்கொள்ளும். கிட்டத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் புரியாது. இருபது அடி பின்னால் போனால்தான் கண்கள் நிறங்களைக் கலந்து ஒரு முகத்தைக் காட்டும்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒன்று நினைவுக்கு வருகிறதா? எனக்கு வருகிறது. பதினைந்து புள்ளி, இடுக்குப் புள்ளி, எட்டு வரை. கோலநோட்டின் கணக்கு அது. கிராஸ் ஸ்டிட்ச் துணியில் கட்டம் கட்டமாக எண்ணிப் போட்ட கிளி. நிறம் மாற்றி மாற்றிப் பின்னிய வயர் கூடை. பத்தமடையில் பெண்கள் கோரையில் நெய்யும் பாய். கட்டத்தை எண்ணி நிறத்தை நிரப்பி உருவத்தை வரவழைக்கும் இந்த அறிவு பெண்களின் விரல்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதற்கு நாம் வைத்த பெயர் என்ன? 'கைவேலை'. 'மத்தியான நேரத்துப் பொழுதுபோக்கு'. 'சும்மா இருக்காம ஏதோ செஞ்சுக்கிட்டிருக்கா.' அதே எண்ணல், அதே நிரப்பல், பிளாஸ்டிக் கட்டையில் நடந்தால் அது பொறியியலும் கலையும் கலந்த சாதனை. மாறியது பொருளும் இடமும்தான். அந்தப் பொருளும் இடமும் யாருக்கு உரியவை என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

முதல் கேள்வி, கட்டை யார் கையில்?

1932இல் டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஒலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் தொடங்கிய பொம்மைப் பட்டறைதான் லெகோ. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனியச் சொற்களிலிருந்து வந்த பெயர். இன்று நாம் அறிந்த வடிவிலான கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரப்பட்டது. அந்த ஆண்டின் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். கட்டைக்கு ஆண் பெண் கிடையாது. அதை நிறுவனமே ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறது. படைக்கும் ஆசை ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் சமமாகவே இருக்கிறது, கட்டையைக் கையில் கொடுத்து அவர்கள் விரும்பியதைச் செய்யவிடுங்கள் என்ற பொருளில் 1974இல் பெற்றோருக்கு ஒரு கடிதத்தைப் பெட்டிகளுக்குள் வைத்தது. 1981இல் வெளியிட்ட ஒரு விளம்பரத்தில் செம்பட்டை முடியை இரட்டைச் சடையாகப் பின்னிய ஒரு சிறுமி, தான் கட்டிய ஏதோ ஒன்றை ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள். அது வீடா விமானமா என்று சொல்ல முடியாது. அந்த விளம்பரத்தில் இளஞ்சிவப்பு உடை இல்லை, இளவரசிக் கிரீடமும் இல்லை.

ஆனால் கடிதமும் விளம்பரமும் ஒரு பக்கம் இருக்க, பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1978இல் கை கால் அசையும் குட்டி மனித உருவங்களை லெகோ அறிமுகப்படுத்தியபோது அதில் வந்த முதல் பெண் ஒரு செவிலி. 2012இல் 'லெகோ ஃபிரண்ட்ஸ்' என்ற பெயரில் சிறுமிகளுக்கென்றே தனி வரிசை வந்தது. தனி நகரம், தனி நிறங்கள், மற்றப் பெட்டிகளின் உருவங்களோடு ஒட்டாத ஒல்லியான தனி உடல்கள். அழகு நிலையமும் கஃபேயும் அதில் இருந்தன. நியாயமாகச் சொன்னால், ஒரு கண்டுபிடிப்பாளரின் பட்டறையும் கால்நடை மருத்துவமனையும்கூட இருந்தன. அழகு நிலையம் இருந்தது என் குறையில்லை. சிறுமிகளுக்கு வேறு பெட்டி, கடையில் வேறு அலமாரி என்று பிரித்ததுதான் என் குறை. அலமாரியைப் பிரித்துவிட்டால் மற்ற அலமாரி தானாகவே ஆண்பிள்ளையுடையதாகிவிடும். பள்ளிப் பேருந்தில் இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள் என்று கயிறு கட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அமெரிக்காவில் பெண்பிள்ளைகளே முன்னின்று நடத்திய ஸ்பார்க் இயக்கம் இதை எதிர்த்துத் திரட்டிய மனுவில் 50,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2014இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் உலகெங்கும் பரவியது. உங்கள் பெண் பொம்மைகள் வீட்டில் இருக்கின்றன, கடைக்குப் போகின்றன, வேலை எதுவும் இல்லை. ஆண் பொம்மைகள் சாகசம் செய்கின்றன, உயிர்களைக் காப்பாற்றுகின்றன என்பது அவளுடைய புகார். பெண்ணிய விமர்சனம் கற்க முனைவர் பட்டம் வேண்டியதில்லை என்று நான் வகுப்பில் சொல்வதற்கு இவள்தான் சான்று. அதே ஆண்டு, எலன் கோய்மன் என்ற புவிவேதியியலாளர் முன்மொழிந்த மூன்று பெண் விஞ்ஞானிகளின் பெட்டி வெளிவந்தது. வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. 'பெண்களுக்கு வேண்டியதைத்தான் சந்தை தருகிறது' என்று வாதிடுகிறவர்கள் இந்த விற்பனையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

2021இல் நிறுவனமே ஜீனா டேவிஸ் நிறுவகத்துடன் சேர்ந்து ஏழு நாடுகளில் ஏறத்தாழ 7,000 பெற்றோரையும் குழந்தைகளையும் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. நடனத்துக்கும் சமையலுக்கும் மகள்களையும், விளையாட்டுக்கும் கணினி நிரல் பொம்மைகளுக்கும் மகன்களையும் பெற்றோர் தள்ளிவிடுகிறார்கள் என்று அது சொன்னது. 'பெண்பிள்ளை பொம்மை' வைத்து விளையாடினால் கேலி செய்வார்கள் என்று அஞ்சிய ஆண்பிள்ளைகள் 71 சதவீதம். மறுதலையாக அஞ்சிய பெண்பிள்ளைகள் 42 சதவீதம். இதை நான் இப்படி வாசிக்கிறேன். பெண் ஆணின் பொருளைத் தொட்டால் அவள் உயர்கிறாள், ஆண் பெண்ணின் பொருளைத் தொட்டால் அவன் தாழ்கிறான் என்று குழந்தைகளுக்கு யாரும் பாடம் நடத்தாமலே தெரிந்திருக்கிறது. கிராஸ் ஸ்டிட்ச் ஏன் அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை, கட்டை ஏன் போனது என்பதற்கும் இதுவே விடை.

இரண்டாவது கேள்வி, சுவரில் யார் முகம்?

2020இல் பெரியவர்களுக்காக லெகோ ஒரு புதிய வரிசையைத் தொடங்கியது. வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளும் மொசைக்குகள். முதல் தொகுப்பில் வந்த முகங்களில் ஒரே பெண் மர்லின் மன்றோ. 3,341 துண்டுகள். ஆனால் அவள் அங்கே மர்லின் மன்றோவாக வரவில்லை, ஆண்டி வார்ஹோலின் மர்லின் மன்றோவாக வந்தாள். 1953ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்காக எடுத்த விளம்பரப் புகைப்படம் அது. 1962 ஆகஸ்டில் அவள் இறந்த பிறகு வார்ஹோல் அதை எடுத்துப் பட்டுத்திரை அச்சில் மறுபடி மறுபடி பதித்தார். முதலில் ஸ்டுடியோ அவள் முகத்தை விற்றது, பிறகு ஓவியர், பிறகு பொம்மை நிறுவனம். 2024இல் மோனா லிசாவும் வந்தாள். அவளையும் நாம் அறிவது அவளை வரைந்தவரின் பெயரால்தான்.

அந்த மர்லின் பெட்டியில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் துண்டுகளையும் பதித்து முடித்த பிறகு கடைசியாக ஓரத்தில் பதிக்க ஒரு தகடு தருகிறார்கள். அதில் வார்ஹோலின் கையெழுத்து. எத்தனையோ இரவுகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு பெண் அதைக் கட்டியிருக்கலாம். கட்டி முடித்து அவள் தன் கையாலேயே இன்னொருவரின் கையெழுத்தைப் போட வேண்டும். பெண்ணின் உழைப்பைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

முகம் வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. சீனக் கலைஞர் அய் வெய்வெய் 2014இல் சான் பிரான்சிஸ்கோ அருகே அல்காட்ராஸ் தீவின் பழைய சிறையில் 'ட்ரேஸ்' என்ற படைப்பை வைத்தார். மனச்சாட்சிக்காகச் சிறைப்பட்ட, நாடு துறந்த 176 பேரின் முகங்கள், 12 லட்சம் லெகோ கட்டைகளில். அவை சுவரில் இல்லை, தரையில் கம்பளங்களைப்போல் விரிந்து கிடந்தன. குனிந்து பார்க்க வேண்டும். யார் முகத்தைக் கட்டினால் அரசுகள் சங்கடப்படும் என்று தெரிந்து கட்டிய முகங்கள் அவை. அடுத்த ஆண்டு மெல்பர்னில் ஒரு கண்காட்சிக்காக அவர் மொத்தமாகக் கட்டை கேட்டபோது, அரசியல் படைப்புகளுக்குத் தருவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. உலகெங்கிலும் மக்கள் தங்கள் பிள்ளைகளின் கட்டைகளை அள்ளிக் கொடுத்தார்கள். 2016 ஜனவரியில் அந்த விதியை நிறுவனம் கைவிட்டது. பொம்மைக் கட்டையில் என்ன அரசியல் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அரசியல் இருப்பது விற்கிறவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மூன்றாவது கேள்வி, பதித்த கைகள் யாருடையவை?

'ட்ரேஸ்' படைப்பு உருவான காலத்தில் அய் வெய்வெய்யின் கடவுச்சீட்டு சீன அரசிடம் இருந்தது. அவர் அல்காட்ராஸுக்குப் போக முடியவில்லை. முகங்களைக் கட்டியதில் சான் பிரான்சிஸ்கோவின் தன்னார்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2023இல் லண்டன் டிசைன் மியூசியத்தில் அவர் வைத்த 'நீர் அல்லிகள்' 15 மீட்டருக்கும் மேல் நீளம், ஏறத்தாழ 6,50,000 கட்டைகள், 22 நிறங்கள். மோனேயின் புகழ்பெற்ற ஓவியத்தின் ஒளிமிக்க நீர்ப்பரப்பு. அதன் வலப்பக்கத்தில் இருண்ட ஒரு வாசல். சின்ஜியாங்கில் தந்தை அய் சிங்குடன் நாடுகடத்தப்பட்ட நிலையில் அவர் வாழ்ந்த நிலவறையின் வாசல் அது. பெரிய படைப்புதான். நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஆறரை லட்சம் கட்டைகளை ஒருவர் தனியாகப் பதிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகும், நம் நினைவில் நிற்பது ஒரே பெயர். யோசனை தந்தவர் படைப்பாளி, உட்கார்ந்து எண்ணியவர் உதவியாளர் என்ற பாகுபாட்டை நாம் இயற்கை விதிபோல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊர்ப்பக்கக் கல்லூரி ஒன்றில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மகளிர் தினத்துக்காகப் பொம்மைக் கட்டையில் ஒரு பெரும் சுவர் மொசைக் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. யார் முகம்? நிறுவனரின் முகம். மகளிர் தினத்துக்கு ஓர் ஆணின் முகமா என்று கேட்டோம். 'அவர்தானே உங்களுக்கெல்லாம் படிப்புக் கொடுத்தார்' என்றார்கள். விலை மலிவான கட்டைகள் மூட்டையாக வந்து இறங்கின. 96 அடித்தட்டுகள், தட்டுக்கு 1,024 குமிழ்கள், மொத்தம் 98,304. கணிதத் துறை மாணவி ஒருத்தி படத்தை நிறம் பிரித்து 96 வரைபடங்களையும் தயாரித்தாள். அவளோடு சேர்த்து 26 பெண்கள். வகுப்பு முடிந்து, கடைசிப் பேருந்துக்கு முன்னால், ஆய்வகத் தரையில் உட்கார்ந்து பதித்தார்கள். ஒரு மாணவி சொன்னாள்: "மேடம், வீட்ல அண்ணனோட கட்டையைத் தொட்டா அடி விழும். இங்கதான் ஆசை தீர அடுக்குறேன்." அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இன்னும் எரிகிறது.

திறப்பு விழாவில் கல்வெட்டு வைத்தார்கள். சிறப்பு விருந்தினர், செயலாளர், முதல்வர், நன்கொடையாளர். கடைசி வரி: 'உருவாக்கம் - மாணவியர்'. 26 பெயர்களையும் எழுதுங்கள் என்று நான் கடிதம் கொடுத்தேன். இடமில்லை என்று பதில் வந்தது. தொண்ணூற்றெட்டாயிரம் கட்டைகளுக்கு இடமிருந்த சுவரில் இருபத்தாறு பெயர்களுக்கு இடமில்லை. "பெயருக்காகவா செய்தார்கள்? ஆர்வத்தில் செய்தார்கள்" என்றார் ஒருவர். கல்வெட்டில் பெயர் இருந்த ஒருவர்தான் அதைச் சொன்னார்.

இந்த 'ஆர்வம்' என்ற சொல்லை நாம் இனிச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வீட்டுவேலைக்கு 'அன்பு', அங்கன்வாடிப் பணிக்குச் 'சேவை', கல்லூரி விழாவுக்கு 'ஆர்வம்'. ஊதியமோ பெயரோ தர மனமில்லாத இடத்திலெல்லாம் பெண்ணின் நல்ல குணத்தைப் பாராட்டும் ஒரு சொல் தயாராக இருக்கும்.

கூட்டுப் படைப்பில் எல்லோர் பெயரையும் போட முடியுமா என்று கேட்பார்கள். போட்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ 1974 முதல் 1979 வரை நூற்றுக்கணக்கானோரின் துணையோடு 'டின்னர் பார்ட்டி' என்ற படைப்பை உருவாக்கினார். வரலாறு மறந்த பெண்களுக்காக முக்கோண வடிவில் ஒரு விருந்து மேசை, 39 இருக்கைகள். மேசைக்கு அடியில் வெள்ளைப் பீங்கான் ஓடுகள் பதித்த தரை, அதில் பொன்னெழுத்தில் இன்னும் 999 பெயர்கள். வேலை செய்தவர்களின் பெயர்களுக்கும் தனிப் பலகைகள் உண்டு. அந்தப் படைப்பின் மீதும் விமர்சனங்கள் இருக்கின்றன. ஊதியமில்லா உழைப்பு என்றார்கள், கறுப்பினப் பெண்களுக்கு அங்கே போதிய இடமில்லை என்றார்கள். அவை சரியான விமர்சனங்கள். ஆனால் பெயர் போட முடியாது என்ற சாக்கை அந்தத் தரை என்றைக்கோ முடித்துவைத்துவிட்டது. அங்கே பார்வையாளர் குனிந்து பெயர் படிக்கிறார். நாம் துடைத்துக்கொண்டிருந்த தரையில் ஒரு பெண் பெயர்களை எழுதினாள்.

பொம்மைதானே, இதற்கு இவ்வளவு கோபமா என்பது கடைசி வாதம். பொம்மை சின்னது என்பதால்தான் அதைச் சொல்கிறேன். கோயில் கோபுரத்துக்குச் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தவளின் பெயரை இனித் தேட முடியாது. இன்று நம் கண்முன் எழும்பும் சுவரில், ஒவ்வொரு கட்டையும் கணக்கில் இருக்கும் சுவரில், பதித்தவளின் பெயர் விடுபடுகிறது என்றால் அது மறதியால் நேர்வதில்லை. கட்டையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆட்களை எண்ணவும் தெரியும்.

ஆகவே, மாணவிகளே, உங்கள் கல்லூரியில் நாளை ஒரு சுவர் எழும்பினால், அது கட்டையோ கோலமோ காகிதமோ எதுவானாலும், முதல் கட்டையைத் தொடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். யார் முகம் என்பதை முடிவுசெய்யும் கூட்டத்தில் எங்களில் எத்தனை பேர்? வரைபடம் போட்டவளின் பெயர் எங்கே வரும்? பதித்தவர்களின் பட்டியல் எத்தனை அடி உயரத்தில், எந்த அளவு எழுத்தில் இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் எழுந்து போய்விடுங்கள். பாதியில் நிற்கும் முகம் ஒன்றும் கெட்டுப்போகாது. யாருடைய கைகள் இல்லாமல் அது நிற்கிறது என்று ஊருக்குக் காட்டும். தாய்மாரே, அடுத்த பிறந்தநாளில் உங்கள் மகளுக்குக் கட்டைப் பெட்டி வாங்குங்கள், நிறம் பார்க்காமல். மகனுக்கு ஊசியும் நூலும் கட்டத்துணியும் கொடுங்கள், கேலிக்கு அஞ்சாமல்.

26 பெயர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்டிருக்கிறேன். அவர்கள் சரி என்று சொன்ன நாளில் அது அச்சில் வரும், அகரவரிசையில், முதலில் நிற்பவர் கடைசியில் நிற்பவர் என்ற பேதமில்லாமல். கல்வெட்டில் இடமில்லை என்றவர்கள் அதை விலை கொடுத்து வாங்கிப் படிக்கட்டும்.